தட்டிவானும் தளர்ந்த தகடும்

கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே பல்லாண்டு காலம் ஓடிய தட்டிவானை அறியாத பழைய மாணவர் நம்முள் மிகச் சிலரே. பிறநாட்டு லொறியின் அடிச்சட்டத்தின்மீது நம்மவர் மரத்தாற் கூடு கட்டி, பக்கங்களிற் பலகையும் தகடும் அறைந்து, பின்புறத்தே சங்கிலியால் தாங்கிய தட்டி ஒன்றைப் பொருத்தினர். பெயரும் அத்தட்டியால் வந்ததே. மூட்டைகளும் கடகங்களும் தட்டியில் ஏற, ஆட்கள் உள்ளே நெருங்கி இருப்பர். 1958 ஆம் ஆண்டு தை முதலாந் திகதி பஸ் சேவை அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றிய பின்னரும், 1990 இன் பின் எரிபொருள் தடைப்பட்டு மோட்டர்கள் மண்ணெண்ணெயில் ஓடிய நாளிலும் இவ்வண்டிகள் மறைந்தில.

பல ஆண்டுகளின் முன், கார்த்திகை மாதத்து மாலையொன்றில், இத்தகைய வண்டியில் துன்னாலைப் பக்கமாகச் சென்றுகொண்டிருந்தோம். எமது முதுகின் பின்னே பக்கத்தகடு படபடவென்று அடித்தது. அதில் நீண்ட ஆணிகள் நான்கு புதிதாக அறையப்பட்டிருந்தமை கண்டு, இனிக் கழலாதென்று எண்ணி வாளாவிருந்தோம். சற்றுத் தூரஞ் சென்றதும் தகடு பிரிந்து, துவிச்சக்கரவண்டியில் அருகே வந்த எமது மாணவன் ஒருவனின் முழங்கையைக் கிழித்தது. ஏழு தையல்கள் இட்டனர். சாரதியிடம் ஒரு சொற் சொல்லியிருப்பின் வண்டியை நிறுத்தியிருப்பார் என்பது இன்றும் எம் நெஞ்சை உறுத்துகின்றது.

புதிய ஆணி ஏன் பிடிக்கவில்லை? அவ்வண்டியைப் பின்னர் திருத்திய தச்சரிடம் இதனை வினவினோம். அவர் விடை கூறாது குத்தூசி ஒன்றை எடுத்துத் தகட்டின் பின்னிருந்த சட்டத்திற் குத்தினார். பிடிவரை இறங்கிற்று. மரம் உதிர்ந்த பிட்டுப்போலக் கையில் வந்தது. “நோய் இங்கே, ஐயா. தகடு அழுகிறது, அவ்வளவுதான்” என்றார்.

நோயின் மூலம் நீரே. நம் பகுதிக்கு மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையிற் பொழிகின்றது. கூரையும் பக்கமும் சந்திக்கும் மூட்டு, யன்னலின் மேல்விளிம்பு, விளக்குப் பொருத்திய துளை ஆகியவற்றால் நுழையும் நீர், தகட்டின் பின்னே வழிந்து அடிச்சட்டத்தில் தேங்கும். மரத்தின் உலர்ந்த எடையில் ஐந்திலொரு பங்குக்கு மேலாக ஈரம் நிலைப்பின் பூஞ்சணம் பற்றி மரம் உளுக்கும். உளுத்த மரத்தில் நான்கு ஆணியன்று, நாற்பது அறையினும் நில்லா. அவை நீர் புகுதற்கு நாற்பது வழிகளே ஆகும்.

வெயிலும் தன் பங்கைச் செய்யும். இரண்டு மீற்றர் நீளமான அலுமினியத் தகடு முப்பது பாகை செல்சியசு சூடேறின் ஏறத்தாழ 1.4 மில்லிமீற்றர் நீளும். மரச்சட்டமோ நெடுக்குவாட்டில் அதிற் காற்பங்களவே நீளும். நாள்தோறும் நிகழும் இவ்விழுபறியால் ஆணித்துளை அகலும். அன்றியும், அலுமினியத்தில் இரும்பாணி அறைந்து உப்புக்காற்றும் ஈரமும் படவிடின், ஆணியைச் சுற்றி அலுமினியம் வெண்பொடியாய் அரிக்கப்படும். இரு சொற்கள் புணருமிடத்து விகாரம் தோன்றுதல் போல்வதே இது எனின், இலக்கணம் கற்பிக்கும் எம்மை நகையாதீர்!

இவற்றை ஈண்டு விரித்தற்குக் காரணம் உண்டு. கனடாவில் வாழும் பழைய மாணவர் ஒருவர், படுக்கையும் அடுக்களையும் உள்ளடங்கிய பழைய மோட்டர் வீடு ஒன்றை வாங்கினார். அதன் பக்கத்தகடு ஆடுகின்றதாம். பெரிய திருகாணி பூட்டலாமா எனக் கேட்டிருந்தார். அவ்வகைப் பழைய வண்டிகள் பலவும் மெல்லிய மரச்சட்டத்தின்மீது அலுமினியத் தகடு போர்த்தவையே. பெயர் வேறாயினும் உடம்பு தட்டிவானின் உடம்பே. ஆதலின் தச்சர் செய்தவற்றையே அவருக்கும் எழுதினோம்.

முதலில் விரலால் தட்டிக் கேட்க வேண்டும். ஓசை மந்தமாயின் உள்ளே பழுதுண்டு. மூட்டை மூடிய பட்டியைக் கழற்றி, தகட்டை வளைக்காது மெல்ல விலக்கி, சட்டம் முற்றும் காயும்வரை விடவேண்டும். இதிற் பொறுமையற்றோர் ஈரத்தை உள்ளே வைத்து மூடுவர். உளுத்த பகுதியை நல்ல மரம் தோன்றுமட்டும் அறுத்து நீக்கி, ஓரங்குலத் தடிப்புக்கு எட்டங்குலம் என்னுமளவிற் சரிவாகச் சீவிய புது மரத்தை நீர்தாங்கும் பசையால் ஒட்டி இணைக்க வேண்டும். பழைய துளைகளை மரமுளையால் அடைத்து, புதிய இடத்திலேயே ஆணி பூட்டுதல் நன்று. தகட்டைப் பூட்டுங்கால் நடுவிலிருந்து ஓரங்களை நோக்கிச் செல்லின் புடைப்பு வெளியேறும். துருவேறா உருக்கு ஆணியாயினும் அதற்கும் அலுமினியத்துக்கும் இடையே பசையோ இறப்பர் வளையமோ இருத்தல் வேண்டும். மேற்றகடு கீழ்த்தகட்டின்மேற் படியவேண்டும், ஓடு வேய்வதுபோல. அடியில் நீர் வடியச் சிறு துளை விடுதல் இன்றியமையாதது. அதனையும் அடைத்துவிடும் அறிவாளிகளை நாம் கண்டுள்ளோம். மூட்டுக்குப் பியூட்டைல் நாடா ஏற்றது. சிலிக்கன் பசையை அப்பினால், பின்னர் வர்ணமும் அதன்மேற் பற்றாது. வேறு பசையும் ஒட்டாது.

பலகையடுக்கோடு கண்ணாடியிழைத் தகடு ஒட்டப்பெற்ற புதிய வகை வண்டிகளுக்கு ஆணி பயன்படாது. அங்கே உலர்த்தியபின் பசை செலுத்தி, பலகை வைத்து அழுத்திப் பிடித்தலே முறை.

திருத்தம் முடிந்த நாளில் தச்சர் வண்டியைக் கிணற்றடிக்குக் கொணர்வித்தார். ஒருவர் கூரைமீதிருந்து வாளி வாளியாக நீர் வார்த்தார். உள்ளே வெண்கட்டியோடு அமர்ந்து, கசியும் இடத்தை அடையாளமிடுமாறு ஒருவனை ஏவினார். தையற் பிரித்த கையோடு வேடிக்கை பார்க்க வந்திருந்த அம்மாணவனே உள்ளே ஏறினான். மூன்று இடங்களிற் கோடிட்டான். தச்சர் அம்மூன்று மூட்டுக்களையும் மறுநாள் மீண்டும் பிரித்தார்.