ஆயுசுக்கும் போட்டோ: எத்தனை டிபி வேணும்?

போன மாசம் அப்பாவோட பழைய போன் செத்துப்போச்சு. பாட்டியோட கடைசி போட்டோக்கள் அதுலதான் இருந்தன. வேற காப்பி இல்லை. அன்னைக்கு ராத்திரியே கணக்குப் போட்டேன்.

ஒரு போட்டோ சுமார் 3 எம்பி. தினம் 10 எடுத்தா வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 11 ஜிபி. கூகுள் இலவசமா தர்ற 15 ஜிபி (மெயிலும் இதுலதான்) ஒன்றரை வருஷம்கூடத் தாங்காது. 60 வருஷத்துக்கு 660 ஜிபி. அவ்ளோதானான்னு தோணும். வீடியோவை விட்டுட்டோமே! தினம் ஒரு நிமிஷம், 100 எம்பின்னு வெச்சாலே 2.2 டிபி. ஆக, மொத்தம் 3 டிபிக்குள்ள. 4 டிபி ஹார்ட் டிஸ்க் போதும்.

ஆனா ரெண்டு வாங்குங்க, வேற வேற இடத்துல வையுங்க. டிஸ்க்கும் 60 வருஷம் உழைக்காது, நடுவுல மாத்திக்கிட்டே இருக்கணும்.

பாட்டி போட்டோ ஒண்ணு அத்தையோட வாட்ஸ்அப்ல கிடைச்சது. 90 கேபி.