உலையிலிடும் அளவு

தமிழகத்துப் பள்ளிகளில் மாணவர்க்கு நண்பகல் உணவு அளிக்கும் வழக்கம் நூறாண்டைக் கடந்தது. 1920-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளியொன்றில் இதனைத் தொடங்கிற்று. 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டமாகப் பரவி, 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. பசியின் பொருட்டுப் பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளை இருத்தலாகாது என்பதே இவற்றின் நோக்கம். அத்தகைய சோறு குப்பைக்குச் செல்லுமாயின், அதன் காரணத்தை ஆராய்தல் வேண்டும்.

சோறு வீணாவதைக் கண்டவுடன் மாணவரைக் கடிந்துகொள்வோர் பலர். ஆயினும் இக்கேடு பெரும்பாலும் தட்டில் தொடங்குவதன்று, உலையிலேயே தொடங்கிவிடுகிறது. தொடக்கப்பள்ளி மாணவர் ஒருவர்க்கு அரிசி 100 கிராம் என்பது அளவு. அறுபது பேர் உண்ணும் பள்ளிக்கு ஒருநாள் பன்னிருவர் வாராதிருந்தால், முதல்நாள் கணக்கின்படி உலையிலிட்ட அரிசியில் 1 கிலோ 200 கிராம் மிகையாகும். அச்சோற்றை மாலைவரை வைத்திருந்து உண்ணலாமோ எனின், ஆகாது. கொதிக்கும் நீரிலும் மடியாத நுண்ணுயிர் வித்துக்கள் அரிசியில் இருத்தல் உண்டு. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்குங்கால் அவை முளைத்துப் பெருகி நஞ்சு விளைக்கும்.

சமையலர் நிலையையும் எண்ணிப் பார்த்தல் தகும். சோறு மிகுந்தால் வீண். குறைந்தாலோ, பந்தியின் கடைசியிலிருக்கும் பிள்ளை பசியோடு எழும். சில பிள்ளைகளுக்கு அன்றைய நாளின் நிறைவான உணவு இஃதொன்றே. அவ்வச்சத்தால் அவர் கை சற்றே தாராளமாக அளக்கும். அதனைக் குற்றமென்று கூற யாருக்கும் மனம் வாராது. ஆதலின், வருகைப் பதிவு முடிந்தவுடன் அன்று உண்போர் எண்ணிக்கை, அரிசி களையுமுன் அடுக்களைக்குச் சென்று சேர்தல் வேண்டும். மாணவர் ஒருவர் கொண்டுசெல்லும் சிறு சீட்டே இதற்குப் போதும்.

ஒரு கிலோ நெல் விளைய ஏறத்தாழ 2,500 லிட்டர் நீர் செலவாகும் என்பர் ஆராய்ச்சியாளர். உமியும் தவிடும் நீங்கிய அரிசிக்குக் கணக்கிட்டால், ஒரு பிள்ளையின் பங்கு மட்டுமே முந்நூறு லிட்டருக்கு மேல் நீர் உண்டதாகும்.

பரிமாறும் முறையும் கருதத்தக்கது. அகப்பை ஒன்றே, பசி ஒன்றன்று. முதலில் சிறிதிட்டு, வேண்டுவோர்க்கு மீண்டும் இடுதல் நன்று. மீண்டும் கேட்கும் பிள்ளையை எவரும் நகைத்தல் கூடாது. நகைத்தால், மறுநாள் அப்பிள்ளை முதலிலேயே மிகுதியாக வாங்கிப் பாதியைக் கொட்டும்.

காய்கறிகளைச் சிறிதாக அரிந்து குழைய வேகவைத்தால் பிள்ளைகள் பெரும்பாலும் உண்டுவிடுவர். கறிவேப்பிலை மட்டும், யார் எவ்வளவு எடுத்துரைத்தாலும், தட்டின் ஓரத்தில் ஒதுங்கியே கிடக்கும். அதனை வறுத்துப் பொடித்துக் குழம்பில் கலந்துவிட்டால், பொறுக்கி எடுப்பதற்கு ஒன்றும் இராது.