கடிதத்தின் மேல் வந்த யானை

சுதந்திர இந்தியா 1949-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் வெளியிட்ட 16 தபால் தலைகளை விலைப்படி வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். ரூபாய்க்கு 16 அணாவாக இருந்த காலம் அது. தாஜ்மகாலுக்கு 5 ரூபாய். குதுப்மினாருக்கு 10 ரூபாய். பாலிதானாவின் சத்ருஞ்ஜயக் கோயிலுக்கு 15 ரூபாய். இத்தலைகள் ஒட்டிய கடிதம் சாமானியர் வீட்டுக்கு வந்திருக்க வழியில்லை. அஜந்தாவின் யானையோ காலணாத் தலையில் வந்தது; கோனாரக்கின் குதிரை அரையணாத் தலையில் வந்தது. சோழநாட்டுச் சிற்பிகள் வெண்கலத்தில் வார்த்துப் புகழ் சேர்த்த நடராஜ வடிவம் 2 அணாத் தலையில் ஆடிற்று. விலை குறைந்த தலையே ஊரெல்லாம் சுற்றும் ஆதலின், யானையும் குதிரையும் அம்பலவாணரும் புகுந்த வீடுகள் பல; தாஜ்மகால் புகுந்த வீடுகள் மிகச் சில. இவ்வரிசையில் ஒரு பிழையும் நேர்ந்தது. ஓரணாத் தலையில் போதிசத்துவர் உருவம் இடம் வலமாக மாறி அச்சாகிவிட்டது. 1950-இல் அதனைத் திருத்தி வெளியிட்டனர்.

1951-இல் நிலவியல் ஆய்வுத் துறையின் நூற்றாண்டையொட்டி மற்றோர் யானை வந்தது. மண்ணுக்குள் எலும்பாய்க் கிடைத்த அந்த ஆதி யானை இனத்திற்கு அறிவியலார் இட்ட பெயர் ‘ஸ்டெகோடான் கணேசா’. பிள்ளையார் அங்கும் புகுந்துவிட்டார்! ரயில்வே ஊழியராகிய நமக்கு 1953-இல் வந்த ரயில் நூற்றாண்டுத் தலையின் மேல் தனிப் பற்று உண்டு; அதனை வேறொரு சமயம் பேசலாம்.

காட்டு விலங்குகளின் முறை பிறகு வந்தது. 1962 அக்டோபரில் வன உயிர் வாரத்தையொட்டிக் காண்டாமிருகம் 15 நயா பைசாத் தலையில் தோன்றிற்று. மறு ஆண்டு காட்டெருமை, சிவப்புப் பாண்டா, யானை, புலி, சிங்கம் ஆகிய ஐந்தும் வந்தன. 1952-இல் நாட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட சிவிங்கிப்புலி இவற்றில் இல்லை. சிங்கத்துக்கு 1 ரூபாய், புலிக்கு 50 நயா பைசா, யானைக்கு 30. அக்காலத்துச் சாதாரணக் கடிதத்திற்குரிய 15 நயா பைசாவோ, இமயமலைக் காடுகளில் மரமேறி வாழும் பாண்டாவுக்கு வாய்த்தது. இது நமக்கு மிகப் பொருத்தமாகவே படுகிறது. புலியையும் சிங்கத்தையும் அறியாத குழந்தை இல்லை. பாண்டாவைத் தபால்காரரன்றோ ஊர்தோறும் அழைத்துச் சென்றார்! 1960-இல் திருவள்ளுவரும் பாரதியாரும் அதே 15 நயா பைசாத் தலைகளில்தான் பிற மாநிலத்தார் இல்லங்களுக்குச் சென்றனர்.

தலை சேர்க்கும் ஆசையால் சிறு வயதில் நாம் ஒரு தவறு செய்தோம். பாட்டனார் வேலை தேடி வடக்கே வந்தபின், ஊரிலிருந்து அவர் தந்தையார் எழுதிய கடிதங்கள் பெட்டியில் இருந்தன. உறைகளை நீரில் ஊறவைத்துத் தலைகளைப் பிரித்துக்கொண்டு, உறைகளை எறிந்துவிட்டோம். கொள்ளுப்பாட்டனார் கைப்பட எழுதிய முகவரி அவற்றோடு போயிற்று. இன்று ஆல்பத்தில் பாண்டா இருக்கிறது. அதன் மேல் தபால் முத்திரையின் கால் வட்டம் தங்கியிருக்கிறது. ஊர்ப் பெயரில் இரண்டே எழுத்துகள் தெரிகின்றன.

பழைய கடிதங்கள் வைத்திருக்கும் அன்பர்கள், குழந்தைகள் தலையைக் கேட்டால் பிரிக்காமல் உறையோடே கொடுக்க வேண்டுகிறோம். அடுத்த சங்கக் கூட்டத்திற்கு அவற்றை எடுத்து வருவோர்க்கு நம் ஆல்பத்தையும் காட்டக் காத்திருக்கிறோம்.