உங்களுக்குத் தெரியுமா? உயரக் குறைவுக்குப் பின்னால் முறிவு இருக்கலாம்

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜென் என்னும் இயக்குநீர் குறைவதே பெண்களின் எலும்புப்புரைக்கு, அதாவது எலும்பு அடர்த்தி இழந்து நொய்ந்துபோகும் நிலைக்கு, முக்கியக் காரணம் என்பதை 1940களின் தொடக்கத்திலேயே பாஸ்டன் மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் எடுத்துக்காட்டினார். பழைய எலும்பைக் கரைக்கும் செல்களை அந்த இயக்குநீர் அடக்கி வைத்திருப்பதால், அது வற்றியதும் கரைதல், புதிய எலும்பு உருவாகும் வேகத்தை முந்திவிடுகிறது.

இந்நோயில் முள்ளெலும்புகள், கீழே விழாமலேயே, குனிந்து குடத்தைத் தூக்கும் அளவிலான சுமையிலும் நசுங்கக்கூடும். இத்தகைய முறிவுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, வெறும் முதுகுவலியாகக் கருதப்பட்டோ வலியே இல்லாமலோ, கண்டறியப்படாமல் போகின்றன. ஆகவே, இளமையில் இருந்ததைவிட உயரம் 4 செ.மீ. அளவுக்குக் குறைந்திருந்தால், அதை மூப்பின் இயல்பென்று ஒதுக்காமல் முதுகை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது தகும்.

எலும்பு அடர்த்திச் சோதனையில், ஆரோக்கியமான இளம்பெண்களின் சராசரியோடு ஒப்பிட்டுத் தரப்படும் டி-மதிப்பெண் −2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை என்பது உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த வரையறை. சிகிச்சையில் அதிகம் பேசப்படாத ஓர் எச்சரிக்கையும் உண்டு: ஆறு மாதங்களுக்கு ஒருமுறை போடப்படும் டெனோசுமாப் ஊசியை மாற்று மருந்தின்றித் திடீரென நிறுத்தினால், அடர்த்தி விரைந்து சரிந்து, ஒரே சமயத்தில் பல முள்ளெலும்புகள் முறியவும் கூடும்.