இருபது டொலரும் இருநூறு வீரரும்

புதன்கிழமை என்றால் அமெரிக்காவிற் சித்திரக்கதை விற்கும் கடைகளிற் கூட்டம் சற்று அதிகமாயிருக்கும். புதிய இதழ்கள் வந்து சேரும் நாள் அதுவே. பள்ளி விட்டதும் ஒரு மாணவன் அக்கடையினுள் நுழைகிறான் என்று வைத்துக்கொள்வோம். அம்மாதத்துக்கென வீட்டிற் கொடுத்த இருபது டொலர் அவன் சட்டைப்பையில் இருக்கிறது. சுவர் முழுவதும் வண்ண அட்டைகள். சுப்பர்மேன் ஒருபுறம் பறக்கிறார். பேட்மேன் இருளில் நின்று முறைக்கிறார். ஸ்பைடர்மேன் தலைகீழாய்த் தொங்குகிறார். ஒவ்வொருவரும் என்னை எடு, என்னை எடு என்றே அழைக்கின்றனர். ஆனால் ஓர் இதழின் விலை 3 டொலர் 99 சதம். பல இதழ்களுக்கு 4 டொலர் 99 சதம். கையிலுள்ள பணத்துக்கு நான்கு கிடைக்கும், மிஞ்சினால் ஐந்து. விற்பனை வரியையும் சேர்த்துப் பார்த்தால் அந்த ஐந்தாவதும் ஐயத்துக்குரியதே.

சிறுபிள்ளைகளின் பொழுதுபோக்குக்கு இத்தனை விசாரம் எதற்கென்று பெரியவர்கள் நகைக்கக்கூடும். 1970களிற் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ் இதழுக்காகக் கைக்காசை எண்ணி எண்ணிச் சேர்த்தவர்கள் நகைக்க மாட்டார்கள். இரும்புக்கை மாயாவி அடுத்து என்ன செய்யப் போகிறார் என்பது அன்று அவர்களுக்குத் தேர்வு முடிவைவிடப் பெரிய செய்தியாக இருந்ததன்றோ? மேலும், எம் உறவினரின் பிள்ளைகள் பலர் இன்று மேல்நாடுகளில் வளர்கின்றனர். விடுமுறைக்கு வரும்போது அவர்களுடைய பைகளில் இவ்வீரர்களும் உடன் வருகின்றனர். ஆதலால் இவ்விசாரம் எமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

முதலில் விலையின் கதையைச் சொல்லிவிடுவோம். 1938 ஜூன் எனத் திகதியிட்டு வெளிவந்த 'அக்ஷன் கொமிக்ஸ்' முதலாம் இதழிலேதான் சுப்பர்மேன் பிறந்தார். அறுபத்து நான்கு பக்கம். விலை பத்துச் சதம். 1961ஆம் ஆண்டிலே மார்வெல் நிறுவனத்தாரின் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' முதலாம் இதழ் வந்தபோதும் விலை அதே பத்துச் சதம். இடைப்பட்ட காலத்தில் விலையைத் தொடாமற் பக்கங்களைக் குறைத்தே பதிப்பாளர்கள் செலவைச் சமாளித்தனர். அதன் பின்னர் பன்னிரண்டு, பதினைந்து, இருபது என்று ஏறத் தொடங்கிய விலை இன்னும் நிற்கவில்லை. அன்றைய பத்துச் சதத்தின் மதிப்பு இன்றைய ஒரு டொலரைச் சற்றே மிஞ்சும். எனவே பணத்தின் வீழ்ச்சியைக் கழித்துப் பார்த்தாலும் வாசகன் இன்று நான்கு மடங்கு கொடுக்கிறான். ஒரு டொலரோடு கடைக்குப் போன 1961ஆம் ஆண்டுச் சிறுவன் பத்து இதழோடு திரும்பினான். அதே மதிப்புள்ள பணத்தோடு இன்று போகிறவன் இரண்டோடு திரும்புவான். அந்த இரண்டையும் வீட்டுக்கு வரும் வழியிலேயே பேருந்தில் இருந்து படித்து முடித்துவிடலாம்!

விலை மட்டும் உயர்ந்திருந்தாற் பாதகமில்லை, குறைத்து வாங்கலாம். உண்மையான இடர்ப்பாடு கதைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதே. 1963இல் ஸ்பைடர்மேனின் தனித் தொடர் தொடங்கியபோது அதன் முதலாம் இதழிலேயே 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' நால்வரும் தலைகாட்டினர். ஒரு வீட்டு விசேஷத்துக்கு அயல்வீட்டார் வருவது போன்ற அந்த ஏற்பாடு வாசகருக்கு மிக இனித்தது. பதிப்பாளருக்கு அதனினும் இனித்தது. அவரைப் பற்றி அறிய இந்தத் தொடரைப் பார், இந்நிகழ்ச்சியை அறிய அந்த இதழைப் பார் என்று அடிக்குறிப்புகள் முளைத்தன. அயல்வீட்டாரின் வருகை காலக்கிரமத்தில் நிரந்தரக் குடியிருப்பாயிற்று.

இதன் உச்சத்தைச் சுப்பர்மேன் இதழ்களிலே காணலாம். 1991ஆம் ஆண்டு முதல் அவருடைய இதழ்களின் அட்டையில் ஒரு சிறு முக்கோணம் அச்சிடப்பட்டது. அதனுள் ஓர் எண். அது அந்தத் தொடரின் இதழெண் அன்று. அவ்வாண்டிற் சுப்பர்மேன் கதைகளைப் படிக்கவேண்டிய வரிசையெண். அவர் பெயரால் வெளிவந்த மாதத் தொடர்கள் அவ்வாண்டில் நான்காயின. கதையோ ஒன்றே, முதல் வாரம் ஒரு தொடரில் தொடங்கியது அடுத்த வாரம் வேறொரு தொடரிலே தொடரும். ஒரு தொடரை மட்டும் வாங்குகிறவன் கதையின் காற்பங்கை வாங்குகிறான். முக்கோணம் வாசகனுக்கு வழிகாட்டியது உண்மை. எதை வாங்காமல் விட்டான் என்பதை நாடோறும் நினைவூட்டியதும் அதுவே. 1993இல் ஸ்பைடர்மேன் கதையொன்று ஐந்து தொடர்களிற் பதினான்கு பகுதிகளாகப் பரவிக் கிடந்தது. அதன் நடுப்பகுதியை மாத்திரம் கையில் வைத்திருந்த பிள்ளைகள் எத்தனை பேரோ!

2011ஆம் ஆண்டு செப்டெம்பரில் டி.ஸி. நிறுவனத்தார் வேறொரு முறையைக் கையாண்டனர். பழையனவற்றை நிறுத்திவிட்டு ஐம்பத்திரண்டு தொடர்களை ஒரே மாதத்தில் முதலாம் இதழிலிருந்து தொடங்கினர். புதிய வாசகர் எவரும் எளிதில் நுழையலாம் என்பது நோக்கம். பெரும்பாலானவற்றின் விலை 2 டொலர் 99 சதம். அந்த விலைக்கே கணக்கிட்டாலும் ஐம்பத்திரண்டையும் வாங்க மாதம் 155 டொலருக்கு மேல் வேண்டும். கதவு அகலத் திறந்ததுதான். ஆனால் ஒரே நேரத்தில் ஐம்பத்திரண்டு கதவுகள்! எட்டு மாதம் கழிந்ததும் ஆறு தொடர்கள் எட்டாம் இதழோடு நின்றுபோயின. அவற்றைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

அப்படியாயின் எதைத் தேர்வது? மிகுந்த வலிமையுள்ள வீரர் யார், புகழ் மிக்கவர் யார் என்று கேட்டுத் தேர்வோரே பலர். நாம் அதற்கு உடன்படோம். வீரரின் பெயர் அட்டையிற் பெரிதாக இருக்கும். அக்கதையை எழுதியவர், வரைந்தவர் பெயர்கள் சிறிதாக இருக்கும். வாசகர் தேட வேண்டியது அந்தச் சிறிய எழுத்தையே. பேட்மேன் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக அதே முகமூடியோடு நிற்கிறார். அவரை ஆட்டுவிக்கும் கைகளோ மாறிக்கொண்டே இருக்கின்றன. ஒரு கையில் அவர் உயிர்பெற்று நடப்பார். மறு கையில் மரப்பாவையாய்ச் சாய்வார். பெயருக்காக வாங்குகிறவன் இரண்டுக்கும் ஒரே விலை கொடுக்கிறான்.

அந்தச் சிறிய எழுத்துக்கும் ஒரு சோகக் கதை உண்டு. சுப்பர்மேனைப் படைத்த ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இளைஞர் இருவரும் 130 டொலருக்கு உரிமையை விற்றுவிட்டனர். 1975ஆம் ஆண்டின் இறுதியிலேதான் அவர்களுக்கு ஓய்வூதியமும், படைத்தவர் என்ற பெயரும் மீளக் கிட்டின. பேட்மேனை உருவாக்குவதிற் பொப் கேனுக்குத் துணைநின்ற பில் ஃபிங்கரின் பெயர் 2015இலேதான் முறையாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவர் இறந்து நாற்பதாண்டுகளுக்கு மேலாகிவிட்டன. பெயரைப் பாராமற் படித்த பாவத்தில் வாசகருக்கும் ஒரு சிறு பங்கு உண்டென்றே எமக்குத் தோன்றுகிறது.

ஒரு சான்று சொல்வோம். 1979இல் 'டெயார்டெவில்' என்ற தொடர் மாதந்தோறும் வெளிவரும் தகுதியையும் இழந்து இரு மாதங்களுக்கு ஒருமுறை தள்ளாடிக்கொண்டிருந்தது. கண்பார்வையற்ற வழக்கறிஞர் ஒருவரே அதன் வீரர். ஃபிராங் மில்லர் என்ற இளைஞர் அதனை வரைய வந்து, 1981 முதல் தாமே எழுதவும் தொடங்கினார். நின்றுபோக இருந்த தொடர் எல்லாரும் தேடும் தொடராயிற்று. வீரர் அவரேதான், கைதான் வேறு. இன்னொன்று, 2012 முதல் 2015 வரை மற் ஃபிராக்ஷன் எழுத, டேவிட் ஆஹா முதலியோர் வரைந்த 'ஹோக்ஐ'. வில்லும் அம்பும் தவிர வேறு ஆற்றல் எதுவுமில்லாத ஒருவர், குடியிருக்கும் மாடிவீட்டு அயலவரோடு படும் பாடே கதை. இருபத்திரண்டு இதழில் முடிந்துவிட்டது. அதில் ஓர் இதழ் முழுவதும் அவருடைய நாயின் பார்வையிலே செல்கிறது! மனிதர் பேசுவதில் நாய்க்கு விளங்கும் சில சொற்களே நமக்கும் காட்டப்படுகின்றன. அண்டத்தை அழிக்க வரும் அரக்கர்களின் கதைகள் பத்தைப் படித்தாலும் அந்த ஒரு நாய்க்கு ஈடாகா என்பது எம் கருத்து.

முடிவுள்ள கதையைத் தேர்வது இரண்டாவது உபாயம். கிராண்ட் மொரிசன் எழுதி ஃபிராங் குவைட்லி வரைந்த 'ஓல்-ஸ்டார் சுப்பர்மேன்' 2005 முதல் 2008 வரை பன்னிரண்டு இதழாக வந்தது. அதைப் படிக்க வேறெந்தத் தொடரும் வேண்டுவதில்லை. மரணம் நெருங்குவதை அறிந்த சுப்பர்மேன் எஞ்சிய நாட்களில் என்ன செய்கிறார் என்பதே அதன் பொருள். 2024இல் டி.ஸி. நிறுவனத்தார் இதுபோன்ற முழுக்கதைகளைச் சிறு அளவுப் புத்தகங்களாக 9 டொலர் 99 சதத்துக்கு வெளியிடத் தொடங்கினர். பன்னிரண்டு இதழ்க் கதை இரண்டு புதிய இதழின் விலைக்கு! அவ்வரிசையிலேயே உள்ள 'வொட்ச்மென்' வளர்ந்தோருக்குரியது. பெற்றோர் அதைத் தாம் படித்தபின் பிள்ளைகளிடம் கொடுப்பது நன்று.

பொறுத்திருந்து புத்தகமாக வாங்குவதே இலாபம் என்றால், மாத இதழை எவர் வாங்குவர்? இங்கேதான் சிக்கல். அமெரிக்கச் சித்திரக்கதைக் கடைக்காரர் விற்காத பிரதிகளைப் பெரும்பாலும் பதிப்பாளரிடம் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆகவே வாடிக்கையாளர் முன்கூட்டிப் பெயர் கொடுத்த தொடர்களையே துணிந்து தருவிப்பார். எல்லாரும் புத்தகத்துக்காகக் காத்திருந்தாற் சிறிய தொடர் புத்தகமாகும் முன்னரே மடிந்துபோகலாம். ஸ்பைடர்மேனின் மகளைக் கதாநாயகியாகக் கொண்டு 1998இல் தொடங்கிய 'ஸ்பைடர்கேர்ள்' பலமுறை நிறுத்தப்படும் நிலைக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் வாசகர்கள் திரண்டு வேண்டுகோள் விடுத்து அதைக் காப்பாற்றினர். 2006இல் அது நூறாவது இதழைக் கண்டது. பெரிய வீரர்களின் தொடர்களுக்கு அச்சிறு கூட்டத்தின் நான்கு டொலர் ஒரு பொருட்டன்று. அந்தச் சிறுமிக்கோ அதுவே உயிராயிருந்தது.

எனவே எம்மிடம் கேட்டால், அம்மாணவன் ஒரேயொரு தொடரை மட்டும் மாதந்தோறும் வாங்கட்டும்; அதுவும் அவன் வாங்காவிட்டால் நின்றுபோகக்கூடிய சிறிய தொடராக இருக்கட்டும். அதற்கு நான்கு டொலர். முடிந்த கதைப் புத்தகம் ஒன்றுக்குப் பத்து. எஞ்சியதைக் கடையின் மூலையிலுள்ள பழைய இதழ்ப் பெட்டியிலே செலவிடலாம். ஒரு டொலருக்கு ஒன்று வீதம் கிடைக்கும். மற்றைய வீரர்களைப் பொது நூலகத்திலே சந்திக்கலாம். அமெரிக்க நூலகங்கள் பலவற்றிற் சித்திரக்கதைகளுக்கெனத் தனி அலுமாரிகள் உண்டு. மாதம் ஏறக்குறைய பத்து டொலர் செலுத்தி மார்வெல் நிறுவனத்தின் ஆயிரக்கணக்கான பழைய இதழ்களைக் கணினித் திரையிற் படிக்கும் வசதியும் இருக்கிறது. புதிய இதழுக்குச் சுமார் மூன்று மாதம் பொறுக்க வேண்டும். ஆனால் திரையிற் படித்ததைத் தலையணைக்கடியில் ஒளித்து வைக்க முடியாது.

பின்னாளில் விலை ஏறும் என்று எண்ணி வாங்குவோரும் உளர். அவர்களுக்கு ஒரு வார்த்தை. 'அக்ஷன் கொமிக்ஸ்' முதலாம் இதழின் பிரதியொன்று 2024இல் 60 இலட்சம் டொலருக்கு விலைபோனது மெய். ஆனால் அது அவ்வளவு அரிதானதற்குக் காரணம், அன்றைய பிள்ளைகள் அதைப் படித்துக் கிழித்ததும், போர்க்காலத்திற் பழைய காகிதமென்று சேகரித்துக் கொடுத்ததுமே. 1991இல் 'எக்ஸ்-மென்' முதலாம் இதழ் ஐந்து வகை அட்டைகளோடு எண்பது இலட்சத்துக்கு மேல் விற்றது. எல்லாரும் பத்திரமாக வைத்தனர், எல்லாரிடமும் இருக்கிறது. இன்று சில டொலருக்கு அது தாராளமாகக் கிடைக்கும். 1992இற் சுப்பர்மேன் இறந்த இதழைக் கறுப்புப் பையிலிட்டு விற்றபோது, பையைப் பிரிக்காமலே பூட்டி வைத்தோர் ஏராளம். அவர் அடுத்த ஆண்டே உயிரோடு திரும்பிவிட்டார்.

தொடங்கிய தொடரை விடுவதுதான் எல்லாவற்றினும் கடினமானது. முப்பத்தொன்றாம் இதழ்வரை இருக்கிறதே, முப்பத்திரண்டை விட்டாற் பெட்டியில் இடைவெளி விழுமே என்ற அச்சத்தினாலேயே சுவை செத்துப்போன தொடரை ஆண்டுக்கணக்காக வாங்குவோர் பலர். படிக்காமலே அடுக்கி வைப்பர். ஓர் எழுத்தாளர் விலகினால் அவரோடு நாமும் விலகலாம். அடுத்தடுத்து மூன்று இதழ் மனத்தைத் தொடவில்லையென்றால் நான்காவதை எடுக்காமல் இருக்கலாம். கடைக்காரரிடம் இரண்டு மாதம் முன்னதாகச் சொல்லிவிட்டால் அவருக்கும் நட்டமில்லை. தவறிய இதழை என்றேனும் ஒரு டொலர்ப் பெட்டியிற் கண்டெடுக்கும்போது வரும் மகிழ்ச்சி தனி.

வகுப்புத் தோழர் மூவர் சேர்ந்தால் இக்கணக்கு இன்னும் எளிதாகும். ஆளுக்கொரு தொடர், மாறி மாறிப் படிக்கலாம். நான்கு டொலருக்கு மூன்று கதை. ஈற்றில் இதழ் யாருடைய பெட்டிக்குப் போவது, மூலையை மடித்தவர் யார், பழச்சாற்றுக் கறை எவர் கைவண்ணம் என்ற வழக்குகள் எழாமலிரா. அவற்றில் நாம் தலையிடுவதற்கில்லை.