எத்தனை கிராம் ஈயம்?

சிட்னியில் குடியேறிய எம்மவர் சிலர் ஓய்வு நாட்களில் தூண்டிலோடு கரைக்குச் செல்கிறோம். இங்கு பலர் இறாலுக்குப் பதில் றப்பர் மீனைக் கோர்த்து எறிகிறார்கள். அதற்கு ஈயத்தலை வைத்த தூண்டில் வேண்டும். கடையில் 'ஜிக் ஹெட்' என்று கேளுங்கள்.

அடியைத் தொடக்கூடிய மிகக் குறைந்த பாரமே நல்லது. பிளட்ஹெட் மீன் மணலில் பதுங்கிக் கிடந்து, மெல்ல இறங்கும் இரையைப் பாய்ந்து கவ்வும். பாரம் கூடினால் இரை கல்லாய் விழுந்து சிக்கும். குறைந்தால் நீரோட்டம் இழுத்துப் போகும்.

அமைதியான 1, 2 மீற்றர் ஆழத்துக்கு 3 அல்லது 4 கிராம். 3 முதல் 5 மீற்றருக்கு 7 கிராம். வற்றுப்பெருக்கு வேகமாய் ஓடினாலோ காற்று நூலை வளைத்தாலோ 10 முதல் 14 கிராம். எறிந்தபின் நூல் தளர்ந்தால் இரை அடியைத் தொட்டுவிட்டது. தளராவிட்டால் ஒரு படி கூட்டுங்கள்.

ஈயத்தைப் போல இடத்தையும் பார்த்துத் தெரியவேண்டும். சிட்னித் துறைமுகப் பாலத்துக்கு மேற்கே பிடித்த மீனை உண்ணவேண்டாம் என்று 2006 முதல் அரசு எச்சரிக்கிறது; சேற்றில் படிந்த டயொக்சின் நஞ்சே காரணம். கிழக்கே பிடித்ததையும் அளவோடுதான் உண்ணலாம்.

18 வயது நிரம்பியோர் கடலிலும் மீன்பிடிக் கட்டணம் செலுத்தவேண்டும், சிலருக்கே விலக்கு. கட்டிவிட்டே தூண்டிலை எறிவோம்.