உங்களுக்குத் தெரியுமா? பத்து ஏக்கர் கனவும் படியாள் வாழ்வும்

● ஜான் ஸ்டைன்பெக்கின் 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' நாவல் வெளிவந்தது 1937இல். கலிஃபோர்னியப் பண்ணைகளில் தானிய மூட்டை தூக்கிப் பிழைக்கும் ஜார்ஜும் லென்னியும் காணும் கனவு சின்னதுதான்: பத்து ஏக்கர், ஒரு வீடு, லென்னிக்கு முயல்கள். நிலத்தின் விலை 600 டாலர். மாதக் கூலி 50 டாலர். கணக்குப் போட்டால் எட்டக்கூடிய தொகை. அவர்களுக்குக் கடைசிவரை எட்டவில்லை.

● நாவலில் அவர்கள் வேலை செய்யும் பண்ணையில் கையை இழந்த கிழவர் கேண்டிக்குக் கிடைத்த இழப்பீடு 250 டாலர். குதிரை லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் க்ரூக்ஸ் கறுப்பினத்தவர். மற்றவர்களோடு ஒரே கூரையின்கீழ் படுக்க விடமாட்டார்கள். அவருடைய தனியறையில், புரட்டிப் புரட்டி நைந்துபோன 1905ஆம் ஆண்டு கலிஃபோர்னிய உரிமையியல் சட்டப் புத்தகம் ஒன்று இருக்கும். அந்த நாவலில் என்னை அதிகம் வதைப்பது அந்தப் புத்தகம்தான்.

● நம் செங்கல்பட்டுச் சீமையிலும் இப்படிச் சிக்கியவர்கள் இருந்தார்கள். படியாள் என்று பெயர். கல்யாணத்துக்கு வாங்கிய சொற்பக் கடன் ஒருவரை மிராசுதாரின் நிலத்தோடு கட்டிப்போடும். அப்பன் பட்ட கடன் மகன் தலையில் விழும். விட்டுவிட்டுப் போனால் என்ன? குடிசை நிற்கும் மனையும் மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் அன்றைக்கே தெரு. தரிசு நிலம் கேட்டு மனுப் போடலாம் என்றால், அதிலும் மிராசுதாருக்கே முன்னுரிமை. ஜார்ஜும் லென்னியும் ஒரு பண்ணை சரிப்படாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த பண்ணைக்குப் போனார்கள். படியாளுக்கு அந்த வழியும் இல்லை.

● இதையெல்லாம் 1891இல் அரசுக்கு அறிக்கையாக எழுதியவர் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர். அதன் விளைவுதான் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் வழங்க 1892இல் வந்த பஞ்சமி நில ஆணை. முதல் பத்து ஆண்டுகள் நிலத்தை விற்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். இத்தனை கறாரான நிபந்தனை இருந்தும் அந்த நிலங்கள் ஏராளமாகப் பிறர் கைக்குப் போய்விட்டன.

● மறைமலைநகரை அடுத்த சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் மெல்ரோசாபுரம் என்றொரு ஊர். ஸ்காட்லாந்து மிஷன் பாதிரியார் ஆடம் ஆண்ட்ரூ, மிராசுதாரின் பிடிக்கு வெளியே தலித் குடும்பங்கள் வாழ்வதற்காக உருவாக்கிய குடியிருப்பு அது.

● காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரி 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டவர்கள்மீது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். பஞ்சமி நில ஆணை வந்து 102 ஆண்டுகள் ஆகியிருந்தன.

● பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' கொங்கு மண்ணின் கதை. கவுண்டர் பண்ணையில் ஆடு மேய்க்கும் கூளையன் சின்னப் பையன். அவன் கூலியை முன்கூட்டியே வாங்கிக்கொள்பவர் அவன் அப்பா. ஸ்டைன்பெக்கைப் படித்தவர்கள் அடுத்து எடுக்க வேண்டிய புத்தகம் இது.

● கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. அதன்படி முன்பணக் கடன் அடியோடு ரத்து. யாரும் திருப்பிக் கேட்க முடியாது. கொத்தடிமையாக வேலை வாங்குவோருக்கு மூன்று ஆண்டு வரை சிறை. அப்படியிருந்தும் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பகுதிகளின் அரிசி ஆலைகளிலிருந்தும் செங்கல் சூளைகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் பல முறை மீட்கப்பட்டிருக்கின்றன. மீட்டால் மட்டும் போதாது, விடுவிப்புச் சான்றிதழ் கைக்கு வர வேண்டும். முழு மறுவாழ்வு உதவிக்கு அந்தத் தாள் முக்கியம். முன்பணத்தைக் காட்டி யாரையாவது வெளியே விடாமல் வைத்திருப்பது தெரிந்தால் கோட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ நீங்களே தகவல் கொடுக்கலாம்.